அறிவு வந்த வழி – 14: எட்டு வாசல்கள்

சென்ற இதழில் மயூரசர்மனைக் காஞ்சிக் கடிகை என்ற கல்விக்கூடத்தின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். தாளகுந்தாவிலிருந்து தன் குருவோடு காஞ்சிக்குப் படிக்க வந்தவர், பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவில் வாளெடுத்து, கடைசியில் கதம்ப அரசை நிறுவியதை அவ்வூர்க் கல்வெட்டே சொல்கிறது. அவர் அரசரானது வேறு கதை. நமக்கு வேண்டியது அவர் கடந்த தூரம். ஏடும் ஆசிரியரும் இருக்கும் ஊருக்குப் படிப்பவர்தான் போய்ச் சேர வேண்டும் என்பது 4ஆம் நூற்றாண்டின் நடைமுறை.

1980களில் காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் அந்த நடைமுறை பெரிதாக மாறிவிடவில்லை. பாடத்துக்குப் புத்தகம் இருந்தது. ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆய்விதழ் இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தவர்கள் சனிக்கிழமை விடியற்காலையில் பேருந்தேறி 75 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போய், கிண்டியிலோ ஐ.ஐ.டி.யிலோ நூலகத்தில் உட்கார்ந்து, வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு இரவு வீடு திரும்புவார்கள். அங்கேயும் இதழ் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது அஞ்சலட்டை. ‘மதிப்புக்குரிய டாக்டர்’ என்ற அச்சுக்குப் பக்கத்தில் கோடிட்ட இடம், கட்டுரைத் தலைப்புக்கு ஒரு கோடு, இதழின் பெயருக்கும் ஆண்டுக்கும் இன்னொரு கோடு. நிரப்பி வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால், கட்டுரை எழுதியவர் மனமுவந்து ஒரு தனிப்படியை அனுப்பிவைப்பார். கப்பல் தபாலில் அது வந்து சேர மாதங்கள் பிடிக்கும். எத்தனையோ முகம் தெரியாத பேராசிரியர்கள் ஒரு காசு வாங்காமல் இப்படி அனுப்பியிருக்கிறார்கள். நம் நாட்டு ஆராய்ச்சி அவர்களுக்குப் பட்ட கடன் சிறியதல்ல.

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது நிலைமை இன்னும் மோசமானது. டாலரிலும் பவுண்டிலும் சந்தா கட்டிக்கொண்டிருந்த நூலகங்களுக்கு அதே பட்டியலுக்கு அதிக ரூபாய் வேண்டியிருந்தது. பட்ஜெட் ஏறவில்லை, ஆகவே பட்டியல் இளைத்தது. வருடக்கணக்காகத் தொடர்ந்து வந்த இதழ்கள் பாதியில் நின்றுபோன அலமாரிகளைப் பல பல்கலைக்கழக நூலகங்களில் இன்றும் பார்க்கலாம்.

இந்தச் சூழலில்தான் எர்நெட் வருகிறது.

கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு என்பது அதன் முழுப்பெயர். இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடு 1986இல் அதைத் தொடங்கியது. உறுப்பினர்கள் எட்டே எட்டு. டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், எட்டாவதாக மின்னணுவியல் துறையே. பொதுமக்களுக்கு இன்டர்நெட் என்ற சொல்லே தெரியாத காலத்தில், இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவந்தவை இந்த எட்டு வாசல்கள்தாம்.

பம்பாய் மையத்தின் தலைவராக இருந்தவர் சீனிவாசன் ரமணி. 2014இல் இணையத்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர். எர்நெட்டுக்கு முன்பே, 1982இல், ரிச்சர்ட் மில்லர் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். நிலநடுக்கோட்டுக்கு மேலே தாழ்வான பாதையில் சுற்றும் ஒரு சிறிய செயற்கைக்கோள். ஒரு நாட்டின் மேல் பறக்கும்போது அங்கிருந்து கணினிக் கடிதங்களை வாங்கிக்கொள்ளும், அடுத்த நாட்டின் மேல் வரும்போது அவற்றை இறக்கிவைக்கும். நல்ல தொலைபேசிக் கம்பியே இல்லாத ஏழை நாடுகள் பெரும்பாலும் நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கின்றன என்பது அந்த யோசனையின் ஆதாரம். அவர் சொன்ன வடிவில் அது அப்போது பறக்கவில்லை. ஆனால் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கொடுப்பது என்ற அதே முறையில், ஆப்பிரிக்க மருத்துவர்களுக்கு மருத்துவச் செய்தி கொண்டுபோகும் சிறு செயற்கைக்கோள் வேலையை 1990களின் தொடக்கத்தில் சாட்டலைஃப் என்ற அமைப்பு செய்துகாட்டியது. வளர்ந்த நாடுகளின் சாதனத்தை அப்படியே வாங்கி மாட்டாமல், நம் குறையிலிருந்து தொடங்கி யோசித்தவர் என்பதற்காகவே ரமணியைத் தமிழில் படிப்பவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் இணைப்புகள் எல்லாம் சாதாரணத் தொலைபேசி வழியாகத்தான். அன்றைய மின்னஞ்சல் இன்று போல உடனுக்குடன் போகவில்லை. பகல் முழுதும் சேர்ந்த கடிதங்களைக் கணினி ஒரு கட்டாகக் கட்டி வைத்துக்கொள்ளும், ஊர்த் தபால் நிலையத்தில் பையைக் கட்டி வைப்பதுபோல. எஸ்.டி.டி.க்கு இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பது அந்தக் காலத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்; பூத் வாசலில் அந்த நேரத்துக்காகக் காத்திருந்த வரிசையும் நினைவிருக்கும். வெளியூர் அழைப்பு என்றாலே பணம் என்றிருந்த நாளில் கணினிக்கும் இரவுதான் தோது. மோடம் அடுத்த ஊர் மோடத்தைக் கூப்பிட்டு, இரண்டும் கீச்சிட்டு ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு, கட்டை மாற்றிக்கொள்ளும். வழியில் ஒரு பழைய எக்ஸ்சேஞ்ச் இரைந்தால், கொஞ்சம் மழை பெய்து கேபிளில் தண்ணீர் இறங்கினால், திரையில் எழுத்துக்குப் பதில் அலைக்கோடும் அடைப்புக்குறியும் சிதறி விழும். மறுபடி முதலிலிருந்து டயல் செய்ய வேண்டும். ஒருவருக்குக் கடிதம் எழுத அவர் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. இடையில் எந்தெந்தக் கணினி வழியாகப் போக வேண்டும் என்பதை ஆச்சரியக்குறி போட்டுப் போட்டு முகவரியிலேயே எழுத வேண்டியிருந்த காலமும் உண்டு. பம்பாய் மையத்தின் கணினிக்குப் பெயர் சக்தி. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன ஆராய்ச்சிக் கடிதங்களில் பெரும்பங்கு அந்தச் சக்தியின் கையைத் தொட்டுவிட்டுத்தான் கடல் தாண்டியது.

1989இல் இந்தியாவுக்கு ‘.இன்’ என்ற இணையப் பெயர் கிடைத்தது. 1990இல் 144.16 என்று தொடங்கும் இணைய எண்தொகுதி எர்நெட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 1992க்குள் எட்டு இடங்களும் நொடிக்கு 9,600 பிட் ஓடும் குத்தகைக் கம்பிகளால் பிணைந்தன. அதே ஆண்டு பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த யூயூநெட்டுக்கு 64 கிலோபிட் இணைப்பு வந்தது. இந்த எண்களை இன்றைய கைப்பேசித் திரையோடு வைத்துப் பாருங்கள். 2 மெகாபைட் அளவுள்ள ஓர் ஆய்வுக் கட்டுரை 9,600 பிட் கம்பியில் வந்து இறங்க, கம்பி முழுதும் உங்களுக்கே என்றாலும், ஏறத்தாழ 28 நிமிடம். 64 கிலோபிட்டில் 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த 64 கிலோபிட் ஒருவருடையதல்ல. நாட்டின் முன்னணி ஆய்வுக்கூடங்கள் அத்தனையும் அதில்தான் முண்டியடித்தன.

அவ்வளவு குறுகிய வழியிலும் என்ன நடந்தது என்பதற்குச் சென்னை தரமணியே சாட்சி. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் கழகத்தில், ‘மேட்சயன்ஸ்’ என்று சென்னையில் எல்லோரும் சொல்லும் இடத்தில், கோட்பாட்டு இயற்பியல்காரர்களுக்கு அதுவரை உலகச் செய்தி வந்தது முன்னச்சுத் தாள்களாக. அச்சாகும் முன்பே கட்டுரையைப் பல நகல் எடுத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விடும். பட்டியலில் நம் பெயர் இருந்தால் வரும். அதுவும் பிரின்ஸ்டனில் எல்லோரும் படித்து முடித்து, அடுத்த கேள்விக்குப் போன பிறகு வரும். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் ஒரு கணினியை வைத்து, கட்டுரைகளை மின்னஞ்சலில் வாங்கி மின்னஞ்சலிலேயே கேட்பவர்க்குக் கொடுக்கத் தொடங்கினார். பின்னாளில் ஆர்க்கைவ் என்று பெயர் பெற்ற களஞ்சியம் அது. படம் இல்லை, அலங்காரம் இல்லை. டெக் மொழியில் எழுதிய வெறும் எழுத்துக்கோப்பு. 50 கிலோபைட் கோப்பு 9,600 பிட்டில் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். பிரின்ஸ்டன்காரர் காலையில் படித்த சுருக்கத்தைத் தரமணிக்காரரும் அதே நாளில் படித்தார். அறிவியல் வரலாற்றில் இந்தச் சமநிலைக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். ஆர்க்கைவின் இந்தியப் பிரதியைப் பின்னர் அந்தக் கழகமே தன் கணினியில் வைத்துப் பராமரித்தது. கடல் கடந்த கம்பி ஒடுங்கியது; ஆகவே ஒருமுறை கொண்டுவந்து இங்கேயே வைத்துக்கொண்டால், நாட்டில் யார் கேட்டாலும் இங்கிருந்தே கொடுக்கலாம். பெரும் பணமில்லாத நாடு செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

நம்மைப் போலவே தவித்த மற்றவர்களும் அதே ஆண்டுகளில் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். இனவெறி ஆட்சியால் உலகம் ஒதுக்கிவைத்திருந்த தென்னாப்பிரிக்காவில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் கணினிக்காரர்கள், அமெரிக்காவின் போர்ட்லண்டில் ராண்டி புஷ் என்பவர் தம் வீட்டில் வைத்திருந்த கணினிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அஞ்சல் மாற்றிக்கொண்டார்கள். அதே ராண்டி புஷ் முன்கை எடுத்த ஒரு மையம் ஓரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து இன்றுவரை ஏழை நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வலையமைப்புக் கற்றுக்கொடுத்து வருகிறது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முன்னின்று லேர்ன் என்ற கல்வி வலையமைப்பை உருவாக்கினார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இலங்கை மாணவர்கள் லக்நெட் என்று கூடி, தாய்நாட்டுக்கு மின்னஞ்சல் போக உதவினார்கள். எல்லா இடத்திலும் முதலில் கம்பியை இழுத்தவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்களே. தொலைபேசித் துறைகளும் வணிக நிறுவனங்களும் பின்னால் வந்தன.

வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்தது 1995 ஆகஸ்ட் 15இல். நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. 1998 நவம்பரில் தனியாருக்கு வழி விடப்பட்டது. 2002இல் வங்கக் கடலடியில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒளியிழைக் கம்பி வந்தது. இதையெல்லாம் விரிவாகச் சொல்ல வேறு புத்தகங்கள் இருக்கின்றன. நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: உலகத்தின் தடித்த கம்பி ஒன்று சென்னைக் கரையில் வந்து ஏறிய அதே ஆண்டில், காஞ்சிபுரத்துக் கல்லூரி ஆசிரியருக்கு என்ன கிடைத்தது?

நேர்மையாகச் சொன்னால், பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் கிடைத்தது. பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஒரு கணினி. மணிக்கு 20, 30 ரூபாய். தேர்வு முடிவு வரும் நாளில் வாசலில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் ஏதாவது ஒரு மூலையில் எம்.ஃபில். படிக்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். “அண்ணே, இன்னும் இறங்கலை, இன்னொரு அரை மணி நேரம் போட்டுக்குங்க” என்று கல்லாவைப் பார்த்துச் சொல்வாள். இறங்குவது பாதியில் அறுந்துபோகும். அறுந்துபோகாமல் பக்கம் முழுதாகத் திறந்தால், கட்டுரைச் சுருக்கத்துக்குக் கீழே 30 டாலர் கட்டினால்தான் மீதி என்று இருக்கும். அவள் அப்பா தறியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் நெய்து வாங்கும் கூலியை அந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும்.

கம்பியும் சந்தாவும் தனித்தனிச் சிக்கல்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2002 டிசம்பர் 28இல் யூ.ஜி.சி.-இன்ஃபோநெட்டைத் தொடங்கியது. கம்பியை எர்நெட் போடும். ஆய்விதழ்களை அப்போது அகமதாபாத்தில் இருந்த இன்ஃப்ளிப்நெட் கூட்டாக வாங்கிக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு. பல்கலைக்கழகத் துறைகளில் இருந்தவர்கள் உண்மையிலேயே மூச்சுவிட்டார்கள். ஆனால் இணைப்புக் கல்லூரிகள் அதன் எல்லைக்குள் வரவில்லை. அதே 2002இல் உலக சுகாதார நிறுவனம் பெரிய பதிப்பகங்களோடு பேசி, ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரும் ஹினாரி திட்டத்தைத் தொடங்கியபோது, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஏழைகள் அதிகம் வாழும் நாடு, ஆனால் பதிப்பகங்களுக்கு விட்டுக்கொடுக்க மனம் வராத பெரிய சந்தை. சென்னையிலிருந்து இந்த அநீதியைத் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தவர் சுப்பையா அருணாசலம். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்துகொண்டு, 2004இல் இந்தியப் பல்கலைக்கழகத்தினரை அங்கே வரவழைத்து, தங்கள் கட்டுரைகளைத் தாங்களே திறந்த களஞ்சியத்தில் வைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பிறர் தரும் சலுகைக்குக் காத்திராமல், நம் கட்டுரையை நாமே திறந்து வைப்போம் என்ற அவருடைய நிலைதான் சரி. நம் வரிப்பணத்தில் செய்த ஆராய்ச்சியை நாமே டாலர் கொடுத்து வாங்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

அந்தப் பாதையில் நமக்குக் கிடைத்த பெரும் பேறு ஷோத்கங்கா. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று மானியக் குழு 2009இல் விதி செய்தது. அவற்றை இன்ஃப்ளிப்நெட் திறந்த களஞ்சியமாக வைத்தது. நீங்கள் எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று அது கேட்பதில்லை. பல்லவர் கால நீர்ப்பாசனம் பற்றி ஒருவர் எங்கோ ஆய்வேடு எழுதியிருந்தால், எங்கள் ஊர் மாகறலில் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் படிக்கலாம்.

கம்பியின் பக்கம் 2009, 2010 இரண்டும் முக்கியமான ஆண்டுகள். தேசியக் கல்வித் திட்டம் ஒன்றின் கீழ், கல்லூரிகளுக்கு பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை இணைப்புகள் கொடுக்கப்பட்டன. செலவில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு கல்லூரி. ஒவ்வோர் இணைப்பும் 512 கிலோபிட். 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலையமைப்புக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சாம் பிட்ரோடா தலைமையிலான அறிவு ஆணையத்தின் பரிந்துரை அது. 1,500 நிறுவனங்களை ஜிகாபிட் வேகத்தில் பிணைப்பது இலக்கு. எட்டு வாசல் 1,500 வாசலானது பெரிய பாய்ச்சல், சந்தேகமே இல்லை. ஆனாலும் வாசலுக்கும் வாசலுக்கும் உள்ள தூரம் அப்படியே இருந்தது. காஞ்சிபுரம் பெயரைத் தாங்கிய மத்திய தகவல் தொழில்நுட்பக் கழகம் 2007இல் வந்தது; அது இருப்பதோ வண்டலூர்ப் பக்கம் மேலக்கோட்டையூரில். மாவட்டம் பிரிந்த பிறகு அந்த இடம் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. ஜிகாபிட் அங்கே. பட்டும் கோயிலும் உள்ள காஞ்சியில் இணைப்புக் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தது 512 கிலோபிட்.

இப்போது மாகறலுக்கு வருவோம். காஞ்சியிலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டி வந்தால் செய்யாற்றங்கரையில் எங்கள் ஊர். உடும்பின் வால் வடிவில் இறைவன் எழுந்தருளிய, திருஞானசம்பந்தர் பாடிய தலம். கொரோனா ஊரடங்குக் காலத்தில் கல்லூரி மூடியபோது ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கைப்பேசிதான் வகுப்பறை. சிக்னலுக்காக மாடிக்கும் ஆற்றங்கரைக்கும் அலைந்தார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களோடு, உதவித்தொகை பெற்றுக்கொண்டு சுயநிதிக் கல்லூரியில் படிப்பவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. டேட்டா அட்டை மாணவர் கைக்கு வந்தது. கல்லூரி எந்த வகை என்பதோடு கணக்கு முடிந்துவிடவில்லை.

2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ அந்த நுட்பத்தைப் பின்பற்றவில்லை. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 நிறுவனங்கள், 1.8 கோடிப் பேருக்குப் பயன். அஞ்சலட்டை அனுப்பிக் காத்திருந்த தலைமுறைக்கு இது நம்ப முடியாத செல்வம். ஆனால் முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது தனியார் கல்லூரிகளில். ஒரே தெருவில் இரண்டு பெண்கள், ஒரே பேருந்தில் காஞ்சி வரை போகிறவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கத்துத் துறையில் இடம் கிடைத்தவளுக்கு 13,000 இதழ் திறக்கும், சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தவளுக்கு இன்றும் அந்த 30 டாலர்ப் பக்கம்தான் திறக்கும். இருவர் கையிலும் இருப்பது ஒரே வேகத்து 4ஜி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. காஞ்சிபுரத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள்; இரண்டும் திட்டத்துக்குள் இருப்பவை. அந்த இரண்டாவது பெண்ணுக்குத் தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும் அவைதாம். வளாகத்துக்கு வெளியிலிருந்து தனிநபர் கணக்கில் நுழையும் ஏற்பாட்டை இன்ஃப்ளிப்நெட் ஏற்கனவே வைத்திருக்கிறது. மூன்றாண்டு ஒப்பந்தம் 2027 முடிவில் புதுப்பிக்கப்படும்போது, தமிழகத்துத் துணைவேந்தர்கள் கேட்க வேண்டியது இதுதான்: பல்கலைக்கழகப் பதிவு எண் உள்ள ஒவ்வொருவருக்கும் நுழைவு. பதிப்பகங்கள் கூடுதல் விலை சொல்லும். பேரம் பேசத்தான் வேண்டும். 1.8 கோடிப் பேருக்குச் சேர்த்து வாங்குகிற நாட்டுக்குப் பேரம் பேசும் வலு உண்டு.

அடுத்த இதழில் 1997க்கு, சிங்கப்பூருக்குப் போகிறோம். நா. கோவிந்தசாமி முன்னின்ற தமிழ்நெட் மாநாடு, இணையத்தில் தமிழ் எழுத்துக்கு நடந்த இழுபறி.

(தொடரும்)